செல்வனுக்கு நிறம் ஏறிய காலம்

வினாயகமூர்த்தி மாஸ்டர் மீன் வளர்க்கக் கண்ணாடித் தொட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கியபோது சந்தோஷப்பட்டவள் அவருடைய மனைவி மங்கையற்கரசி ஒருத்திதான். அவளுடைய தாய் இராசாத்திக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கல்லடியில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் அந்த வீடு இராசாத்தி மூத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. முன் அறையைப் பேரப்பிள்ளைக்கென்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தாள். கலியாணமாகி நாலு வருஷமாகிறது, தொட்டில் கட்ட வேண்டிய இடத்தில் தொட்டி கட்டியிருக்கிறார் மருமகன் என்று அடுத்த வளவுக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னாள்.

மங்கையற்கரசிக்குத் தாயின் பேச்சு தைக்காமல் இல்லை. ஆனால் அதற்கு முந்திய ஒரு வருஷம் அவள் பட்ட பாடு அதைவிடப் பெரியது. மாஸ்டர் பள்ளிக்கூடம் விட்டு வருவார், தேத்தண்ணியைக் குடிப்பார், வாவிக்கரையில் போய்க் குந்துவார். பொழுதுபட்டால் வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கோபமில்லை, சண்டையில்லை, ஏதென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அப்படிப்பட்ட மனிதர் இப்போது சட்டைக் கையை மடித்துவிட்டு மணல் அரிக்கிறார், கல் தேடுகிறார், கொழும்பில் தமக்கு விலங்கியல் படிப்பித்த பேராசிரியரைப் பார்க்க ரயில் ஏறிப் போய் வருகிறார். வீட்டுக்குள் மீனல்ல, முதலை வந்தாலும் அவள் வரவேற்றிருப்பாள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம் அது.

மீன் கொண்டுவந்தவர் உசனார். காத்தான்குடிக்காரர், வாவியில் தோணி விட்டு வலை போடுகிறவர். மட்டக்களப்பார் ஆசையாகத் தின்னும் செல்வன் மீனுக்குத் தம்பிபோல ஒரு சின்னச் சாதி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மஞ்சள் உடம்பு, விலாவில் ஒரு கரும்பொட்டு. அதைத்தான் மாஸ்டர் கேட்டிருந்தார்.

“இது ஆணம் காச்சவும் ஆகா, கருவாடு போடவும் ஆகா. என்னத்துக்கு மாஸ்டர்?” என்று கேட்டார் உசனார்.

“பாக்கிறதுக்கு.”

“சாப்பிடாம பாக்கிற மீனுக்கு வலை போட்டது இண்டைக்குத்தான்” என்று சொல்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். பிறகு அவருக்கே அதில் ஓர் ஈடுபாடு வந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை வந்து தொட்டிக்கு முன்னால் தலையைச் சாய்த்து நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

பகலில் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் இருப்பார். அதனால் மீன்களை அதிகம் பார்த்தவள் மங்கையற்கரசிதான். கலியாணத்துக்கு முன் அவளும் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். பார்த்ததை ஒழுங்காகச் சொல்ல அவளுக்குத் தெரியும். ஆணுக்கு நிறம் ஏறுவதை முதலில் கண்டவளும் அவளே. ஒருநாள் காலையில் ஒரு மீனின் மஞ்சள் தீக்கொழுந்துபோல் சிவந்திருந்தது. வயிற்றுப் பக்கம் கரி பூசியதுபோல் கறுத்தது. அது ஒரு பெண்மீனின் முன்னால் போய் உடம்பைச் சிலிர்த்தது. தலையை வெட்டி வெட்டி அசைத்தது. போய் ஒரு கல்லை வாயால் கொத்திக் கொத்தித் துப்புரவாக்கியது. திரும்பி வந்து மறுபடியும் சிலிர்த்தது. பெண் முதலில் கண்டுகொள்ளாமல் இருந்து, பிறகு தானும் வந்து அதே கல்லைக் கொத்தத் தொடங்கியது. கல்லில் முட்டைகள் ஒட்டியபின் இரண்டும் மாறி மாறிச் செட்டையால் விசிறின. குஞ்சுகள் வந்தபோது தாயின் விலாவிலும் தகப்பனின் விலாவிலும் மொய்த்து, தோலில் ஊறும் பசையை மேய்ந்தன. அன்று சோறு பதத்தைத் தாண்டிக் குழைந்து போகும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை.

“இந்த ஆட்டமெல்லாம் எங்க இருந்து வருகுதெண்டு தெரியுமா, அரசி?” என்று மாஸ்டர் அவளிடம் கேட்டார். “ஆணுக்குள்ள விதை இரிக்கு. அதில ஒரு சத்து ஊறும். ஹோர்மோன் எண்டு பேர். ரத்தத்தில அது கலந்தாத்தான் நிறம், சிலிர்ப்பு, எல்லாம். அத எடுத்துட்டா என்ன நடக்கும், திருப்பிக் குடுத்தா என்ன நடக்கும். அதான் நான் பாக்கப் போறன்.”

“ஊறாட்டி?”

“ஊறாட்டி அது ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. சும்மா ஒரு மீன்.”

அவர் சொன்ன தொனியில் ஒரு கசப்பு இருந்தது. மீனைப் பற்றிப் பேசுகிறவருக்கு அந்தக் கசப்பு ஏன் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு அவளும் கூட நின்றாள். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் மீனை விட்டு, அது மல்லாந்ததும் எடுத்து ஈரத் துணியில் பிடித்துக்கொள்வது அவள் வேலை. மாஸ்டர் விலாவில் ஒரு சிறிய கீறல் போட்டு, வெள்ளை நூல் துண்டுபோல் இருக்கும் விதைகளை நுனி கூர்ந்த சாமணத்தால் இழுத்தெடுப்பார். முதலில் செய்த மீன்களெல்லாம் செத்துப்போயின. அவள் அழுதாள், மாஸ்டரும் இரண்டு நாள் கத்தியைத் தொடவில்லை. பிறகு கை பழகியது. மீன்கள் பிழைத்தன, காயம் மூடியது, இரை தின்றன.

இளம் ஆண்மீன்களில் முடிவு தெளிவாக இருந்தது. இன்னும் ஒருமுறையும் சோடி சேராத மீன்கள் அவை. விதை போனபின் அவற்றுக்கு நிறமே ஏறவில்லை. பெண்மீன் பக்கத்தில் வந்தாலும் ஒரு கல்லைக் கடந்து போவதுபோல் கடந்து போயின. பேராசிரியர் கொழும்பிலிருந்து கொடுத்தனுப்பிய ஹோர்மோன் எண்ணெயை மாஸ்டர் மெல்லிய ஊசியால் அவற்றின் சதைக்குள் ஏற்றினார். ஒரு கிழமைக்குள் அத்தனையும் சிவந்து கறுத்துச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. பரீட்சித்துப் பார்க்க ஒரு பெண்மீனுக்கும் ஏற்றினார். அதுவும் ஆண்போல் நிறமேறி இன்னொரு பெண்ணின் முன்னால் போய் ஆடியது.

“பாத்தியா?” என்றார். “எல்லாம் இந்த எண்ணெய்தான். மத்ததெல்லாம் நாம வைக்கிற பேர்.”

அந்த மாதத்தில் மாஸ்டரும் மாறிப்போனார். பள்ளிக்கூடத்தால் வரும்போதே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். காத்தான்குடிக் கடையில் ஒரு நீலச் சேலை எடுத்து வந்து, உடுத்துக் காட்டச் சொன்னார். பின்னேரங்களில் கல்லடிப் பாலத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அவள் விலகினாலும் கையை விடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது நின்றது. மங்கையற்கரசி கலியாணமான புதிதில்கூட இப்படியொரு காலத்தைக் கண்டதில்லை. தாய்க்குச் சொல்லவில்லை, தங்கை புஸ்பத்துக்கும் சொல்லவில்லை. யாரிடமாவது சொன்னால் கலைந்துவிடும் என்ற பயத்தோடு தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மாதம் முடிந்து அந்த வேகம் மெல்ல அடங்கியபோதும், பழையபடி இருண்டு போகாமல் இருந்தாரே என்று ஆறுதல்பட்டாள்.

ஒரேயொரு மீன்தான் மாஸ்டருக்குச் சொல் கேட்கவில்லை. முன்பு ஒரு பெண்ணோடு சேர்ந்து குஞ்சு வளர்த்து முடித்த பெரிய ஆண் அது. வால் செட்டை ஒரு பக்கம் கிழிந்திருக்கும். அதற்கும் விதைகளை எடுத்துவிட்டு, எண்ணெய் கொடுக்காமல், பழைய சோடியோடு விட்டிருந்தார். நிறம் சற்று மங்கியது என்னவோ உண்மை. ஆனால் காயம் ஆறியதும் அது போய்க் கல்லைக் கொத்தியது. பெண்ணின் முன்னால் போய்ச் சிலிர்த்தது. பெண்ணும் முட்டை இட்டது.

“எங்கயோ ஒரு துண்டு விடுபட்டிரிக்கு” என்று மாஸ்டர் எரிச்சல்பட்டார்.

இதற்கிடையில் புஸ்பத்துக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நல்லரத்தினம் பெரியகல்லாற்றுக்காரன்; அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தான். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தபோது அவனுக்குக் கூகைக்கட்டு வந்தது. இரண்டு கன்னமும் வீங்கிக் காய்ச்சல் அடித்தது. வீட்டார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வருத்தம், பற்றுப் போட்டால் வடிந்துவிடும் என்றார்கள். வீக்கத்தோடேயே அவன் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கலியாணம் சொல்லச் சைக்கிளில் திரிந்தான்.

செய்தி கேள்விப்பட்ட அன்றே மாஸ்டர் பெரியகல்லாற்றுக்குப் போனார். நல்லரத்தினத்தைக் கட்டிலில் கிடத்தினார். ஆஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். வளர்ந்த ஆண் அசையாமல் படுத்திருந்தால்தான் தப்பலாம் என்பது அக்காலத்து டாக்டர்மார் சொல்லிய கணக்கு. மாஸ்டர் அத்தோடு நிற்கவில்லை. கலியாணத்தைத் தள்ளிப்போடவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் இராசாத்தி வந்து முன் அறையில் நின்றாள். உட்காரவில்லை.

“கூகைக்கட்டுக்கு முகூர்த்தத்த மாத்தின கதை எங்கயாவது கேட்டிரிக்கீங்களா, மருமகன்? ஊர் என்ன சொல்லும்? மூத்தவள்ற வயிறுதான் திறக்கல்ல. அவளக் களுதாவளைப் பிள்ளையாரிட்டக் கூட்டிப் போய் நான் நேராத நேத்தி இல்ல. இப்ப இளையவள்ற காரியத்துக்கும் தடை போடுறீங்களா?”

மங்கையற்கரசி தாயின் கையைப் பிடித்தாள். “அம்மா, இரிங்க. ஆறுதலாக் கதைப்பம்.”

மாஸ்டர் ஒரு தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

“மாமி, இந்த வருத்தம் எனக்கும் வந்தது. கொழும்பில விடுதியில இருக்கக்குள்ள. பரீட்சை நேரம். படுக்காம எழும்பித் திரிஞ்சன். வீக்கம் கீழ இறங்கிட்டு.” ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டார். “மாறிட்டு எண்டுதான் நான் நினைச்சிருந்தன். கலியாணம் முடிக்கக்குள்ள எனக்குத் தெரியா. போன வருஷத்துக்கு முதல் வருஷம் கொழும்பில ஒரு டாக்டரிட்டக் காட்டினன். எனக்குப் பிள்ளை பிறக்காதெண்டு அவர் சொல்லிட்டார். உங்கட மகள்ள ஒரு குறையும் இல்ல. நேத்தி ஒண்டும் வேணாம். நல்லரத்தினம் படுத்துக் கிடக்கட்டும்.”

இராசாத்தி அவரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். மகளுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது என்பதை அந்த முகத்திலேயே கண்டுகொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“நான் போய்ப் புது நாள் பாக்கிறன்” என்றாள். படியில் இறங்கியவள் நின்று, “மருமகன் காலையில சாப்பிட்டாரா, கேள் மகள்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மாஸ்டர் வீட்டிலேயே இருந்தார். மங்கையற்கரசி அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“என்னிட்ட முதல் சொல்லியிருக்கலாம்தானே, மச்சான்.”

“ஓம். சொல்லியிருக்கோணும்.”

“பிள்ளை இல்லாட்டிப் போகுது. ஒரு வருஷம் முழுக்க என்னத்துக்கு என்னை விட்டு ஒதுங்கி இருந்தீங்க?”

“எனக்கு ஆசையும் குறைஞ்சு போச்செண்டு பட்டுது. டாக்டர் அப்பிடியும் வரலாமெண்டு சொன்னவர். சொன்னதாலதான் குறைஞ்சுதோ, உண்மையாவே குறைஞ்சுதோ, எனக்குத் தெரியா. இன்னொண்டும் இரிக்கு. அந்த எண்ணெய்ய நான் எனக்கும் ஏத்தினன்.”

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“எப்ப?”

“மீனுக்கு ஏத்தின காலத்தில.”

“அப்ப அந்த நீலச் சேலை எடுத்துத் தந்த மாசம்...”

“ஓம்.”

அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். தேங்காயைத் துருவினாள்; துருவி முடிந்தும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லை என்ற செய்தி அவளைத் தாக்கியது. ஆனாலும் அது ஓரளவு எதிர்பார்த்த அடி. இதுதான் எதிர்பாராத இடத்தில் விழுந்தது. பாலத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது யார்? மனிதரா, மருந்தா? பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு மாதத்தை யாரோ வந்து இது உன்னுடையதல்ல என்று எடுத்துப் போனதுபோல் இருந்தது.

அதன்பின் சில நாட்கள் வேண்டியதற்கு மட்டும் பேசினாள். எண்ணெய் ஏற்றிய மீன்கள் நின்று சிலிர்க்கும் தொட்டியை ஒரு துணியால் மூடிவிட்டாள். மாஸ்டர் துணியை எடுக்கவில்லை. அவரே ஒருநாள் தாமாகச் சொன்னார்:

“அது என்ர ஆசையா, எண்ணெய்ட ஆசையா எண்டு எனக்கே தெரியாமப் போச்சு, அரசி. உன்னை ஏமாத்திறன் எண்டு பட்டுது. அதாலதான் விட்டன். நல்லரத்தினத்துக்கு வருத்தம் வர முதலே விட்டுட்டன்.”

அவள் கேட்டுக்கொண்டாள்.

கிழிந்த வால் மீனின் தொட்டியை மட்டும் அவள் மூடவில்லை. அந்தச் சோடி கல்லில் இட்ட முட்டைகள் கருக்கட்டாமல் வெள்ளை பூத்துக்கொண்டிருந்தன. அப்படியிருந்தும் இரண்டும் விசிறின. கடைசியில் பெண் அவற்றைத் தின்றுவிட்டது. கொஞ்ச நாளில் ஆண் மறுபடியும் அதே கல்லைக் கொத்தத் தொடங்கியது.

“இதத் திறந்து பாக்கோணும்” என்றார் மாஸ்டர் ஒரு சனிக்கிழமை காலையில். “துண்டு கிடந்தா நான் சொன்னது சரி. கிடக்காட்டி...”

“செத்துப்போகுமே.”

“ஓம். பாக்காம விட்டா நான் எனக்கு வசதியானதத்தான் நம்புவன்.”

அவள் வெகு நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மீன்மேல் அவளுக்குப் பாசம் இருந்தது. ஆனாலும் அவளுக்கும் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது, ஒருவேளை அவரைவிட அதிகமாக. சின்ன வலையை எடுத்து அவளே மீனைப் பிடித்தாள்.

மாஸ்டர் இந்த முறை முழுதாகத் திறந்தார். பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார். குடலை ஒதுக்கிப் பார்த்தார். யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கண்ணாடியை அவளிடம் நீட்டினார். எங்கே பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். விதை இருந்த இடத்தில் ஆறிய தழும்பு மட்டும் இருந்தது.

“ஒண்டும் இல்ல” என்றாள்.

“ஒண்டும் இல்ல” என்றார் அவரும். கதிரையில் உட்கார்ந்து கைகளைத் துடைக்காமலே மடியில் வைத்துக்கொண்டார். “அப்ப இது எதால ஆடினது?”

“முதல்ல ஒருக்கா உள்ள ஊறின சத்துத்தான் ஆட வைச்சிருக்கும். மறுகா பழகிட்டுது போல” என்று அவள் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, “எனக்குத் தெரியா. நான் சும்மா சொல்றன்” என்றும் சேர்த்தாள்.

மாஸ்டர் சிரிக்க முயன்றார். சிரிப்பு வராமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து அவருடைய கைகளை நீட்டச் சொல்லி ஊற்றினாள்.

“இஞ்ச பாருங்க மச்சான்” என்றாள் ஊற்றிக்கொண்டே. “அந்த எண்ணெய்ய நீங்க போட்டாலும் சரி, விட்டாலும் சரி. போடுறதெண்டா என்னிட்டச் சொல்லிட்டுப் போடுங்க. விடுறதெண்டாலும் சொல்லுங்க. எது எதால வருகுதெண்டு ரெண்டு பேரும் சேந்து பாப்பம். என்னை மட்டும் தெரியாத ஆளா வைச்சிருக்காதீங்க.”

“சொல்றன்” என்றார்.

தனித்துப்போன பெண்மீன் இரண்டு நாள் கல்லைச் சுற்றிக்கொண்டே நின்றது. மூன்றாம் நாள் உசனார் வந்தபோது, அதை எடுத்துப் போய்ப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடும்படி மங்கையற்கரசி கேட்டுக்கொண்டாள்.

பேராசிரியருக்கு மாஸ்டர் நடந்ததை நேரில் போய்ச் சொன்னார். ஒரு மீனை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, இன்னும் பல மீன்களில் செய்து பார் என்றார் அவர். திரும்பி வந்த மாஸ்டர் அதை மனைவியிடம் சொன்னபோது, “சரிதானே” என்று அவள் உடனே தொட்டிகளைக் கழுவத் தொடங்கினாள். ஏற்கெனவே சோடி சேர்ந்து பழகிய ஆண்களாகப் பார்த்துப் பிடித்து வர உசனாரை அனுப்பினார்கள். இந்த முறை சாமணத்தைப் பிடித்தது அவள். மாஸ்டரைவிட அவள் கைக்கு நடுக்கம் குறைவு என்பது முதல் மீனிலேயே தெரிந்தது. அவர் ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டார். பழகிய மீன்களில் சில, விதை போனபின்னும் நெடுங்காலம் ஆடின. சில மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டன. இன்னது நிறுத்தும், இன்னது நிறுத்தாது என்று முன்கூட்டிச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அதைப் பற்றி இருவரும் சாப்பாட்டு நேரத்திலும் வாதாடினார்கள். வாதாடும்போது மாஸ்டரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது எதனால் வருகிறது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

நல்லரத்தினம் சுகப்பட்டு எழும்பினான். ஆவணியில் புஸ்பத்தின் கலியாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் வந்து விழுந்தது மாஸ்டரின் காலில். அப்படிச் செய்யச் சொன்னது இராசாத்தி என்பது பிறகுதான் தெரிந்தது.

கலியாண அமளி ஓய்ந்த ஒரு காலையில் களுதாவளையிலிருந்து ஒரு சொந்தக்காரி வந்தாள். முற்றத்தில் இராசாத்தியோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மங்கையற்கரசி ஒரு மீனின் விலாவில் கீறல் போட்டுவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு குனிந்திருந்தாள். மாஸ்டர் எதிரில் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியில் பேசுவது இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

“இளையவளுக்கும் ஆச்சு. மூத்தவளுக்கு இன்னும் ஒண்டையும் காணல்லியே இராசாத்தி. ஆரில குறை? நல்ல பரியாரி ஒருத்தர் இரிக்கார், கூட்டிப் போவமா?”

மாஸ்டரின் கை துணிமேல் இறுகியது. மங்கையற்கரசி நிமிரவில்லை.

“ஒருத்தரிலயும் குறை இல்ல” என்றாள் இராசாத்தி. வெற்றிலை மென்ற வாயால் சாவகாசமாகத்தான் சொன்னாள். “ரெண்டு பேரும் வேலையா இரிக்காங்க. சத்தம் போடாம இந்தப் பாக்கப் போடுகா.”

மங்கையற்கரசி சாமணத்தை உள்ளே விட்டு, அந்த வெள்ளை நூலை முழுசாக இழுத்தெடுத்தாள்.